உயிரோடு இருப்பவர்களின் கட்டங்கள்

அத்தியாயம் 11

2024 மார்ச் 12, செவ்வாய்க்கிழமை, காலை 9.40. நகரப் பொது மருத்துவமனையின் நிர்வாக அலுவலகத்தில், தபால் மேசையில், ஒரு பழுப்பு உறைமேல் 'பெறப்பட்டது' என்ற முத்திரை விழுந்தது. உறைக்குள் மூன்று தாள்கள் இருந்தன. அனுப்பியவர் பெயர் எதிலும் இல்லை.

பத்தேகாலுக்குத் தலைமை நர்சைக் கூப்பிட்டு அனுப்பினார்கள்.

அவள் அப்போது புதுக் கட்டடத்தின் இரண்டாவது மாடியில், முழங்காலிட்டு, சுவரில் இருந்த ஆக்சிஜன் இணைப்புகளை எண்ணிக்கொண்டிருந்தாள். பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு. பன்னிரண்டு தொட்டில்கள். ஆறு வருடமாகக் கேட்டுக் கேட்டு வாங்கியது. ஏப்ரல் முதல் தேதி திறப்பு.

"ஒம்போதாவது பாயின்ட்ல காத்து கசியுது. நான் வர்றதுக்குள்ள சரி பண்ணி வை" என்று மெக்கானிக்கிடம் சொல்லிவிட்டுக் கீழே வந்தாள்.

"உக்காருங்க சிஸ்டர்" என்றார் நிர்வாக அதிகாரி.

"நின்னுக்கறேன் சார். மேல ஆள் காத்திருக்கான்."

"உக்காருங்க."

அந்தக் குரலில் ஏதோ இருந்தது. உட்கார்ந்தாள். அவர் மூன்று தாள்களையும் அவள் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

முதல் தாளில் கணினியில் அடித்த இரண்டே வரி: 'உங்கள் தலைமை நர்சின் உண்மையான பிறந்த தேதி இணைப்பில் உள்ளது. அவர் சென்ற நவம்பரிலேயே ஓய்வு பெற்றிருக்க வேண்டியவர்.'

இரண்டாவது, இணையத்திலிருந்து எடுத்த ஒரு குடும்ப மரம். மேலே அப்பா, அம்மா. கீழே மூன்று கட்டங்கள். முதல் கட்டத்தில் அவள்.

மூன்றாவது, ஒரு சட்டைப்பை நோட்டின் பக்கம், படமெடுத்தது. '4-11-63, திங்கள், காலை 6.10, பெண்.' அதற்குக் கீழே, வேறு மையில், '10-6-65, வியாழன், ஆண்.' அப்பாவின் கையெழுத்து. ஒன்று என்ற எண்ணுக்குத் தலையில் கொம்பு போட்டு எழுதுகிற அதே கை.

தலைமை நர்சின் பணிப்பதிவேட்டில் இருக்கும் பிறந்த தேதி 10-6-65.

அவளுக்கு முதலில் கண்ணில் பட்டது தேதி அல்ல. தன் கட்டத்தின் கடைசி வரி. 'மறைவு: தேதி தெரியவில்லை.'

"சார், இதுல நான் செத்துப்போயிட்டேன்னு போட்டிருக்கு."

"பாத்தேன்."

"செத்தவளுக்கு ரிட்டையர்மென்ட் எதுக்கு?"

அவர் சிரிப்பை மீசைக்குள் அடக்கிக்கொண்டார். "அதைத்தான் நானும் பிடிச்சுக்கலாம்னு பாக்கறேன். இங்க பாருங்க சிஸ்டர். சர்ட்டிபிகேட்ல இருக்கறதுதான் எங்களுக்குத் தேதி. ஆனா புகார்னு ஒண்ணு முத்திரை விழுந்து உள்ள வந்துட்டா, நான் கண்ணை மூடிக்க முடியாது. இந்த ஃபாரத்துல, பதிவேட்டுல உள்ள தேதி உண்மைதான்னு நீங்க கையெழுத்துப் போடணும். கூடவே, இந்த மரத்தைப் போட்டவர்கிட்ட இருந்து, இதெல்லாம் தப்புன்னு ஒரு கடிதம். நாலு மணிக்குள்ள. உயிரோட இருக்கறவங்களையே செத்ததா போட்டவரு, தேதியை மட்டும் சரியா போட்டிருப்பாரான்னு எழுதி, கோப்பை மூடிடறேன்."

"கடிதத்துல என்ன எழுதணும்?"

அவர் ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தார். 'இம்மரத்தில் உள்ள விவரங்கள் எதற்கும் தக்க ஆதாரம் இல்லை. அனைத்தும் என் தவறு.'

"யார் போட்டதுன்னு தெரியுமா சிஸ்டர்?"

"தெரியும்" என்றாள். பல்லைக் கடித்ததில் தாடை வலித்தது. "என் கூடப் பொறந்த இரட்டை."

*

அவனை வீட்டில் எல்லோரும் 'ஸ்கேல்' என்றுதான் சொல்வார்கள். கட்டட அலுவலகத்தில் முப்பத்தைந்து வருடம் வரைபடம் போட்டவன். சாப்பாட்டுத் தட்டைக்கூட மேசை விளிம்புக்கு நேராக வைப்பான்.

அக்காவும் தம்பியும் பத்தொன்பது மாத இடைவெளியில் பிறந்தவர்கள். பள்ளிக்கூடம் தூரம். தம்பிக்குத் துணை வேண்டும் என்று அப்பா அக்காவை ஒரு வருடம் வீட்டிலேயே வைத்திருந்து, இரண்டு பேரையும் ஒரே நாளில், ஒரே வகுப்பில், ஒரே பிறந்த தேதியில் சேர்த்துவிட்டார். "இரட்டைப் பிள்ளைங்களா? பொண்ணு தோளுக்குத்தானே வர்றான் பையன்" என்று வாத்தியார் கேட்டதற்கு, "இவ கொஞ்சம் முன்னாடி வெளிய வந்துட்டா" என்றார் அப்பா. அவர் பொய் சொன்னதாக நினைக்கவே இல்லை. வேலையைச் சுலபமாக்கியதாகத்தான் நினைத்தார்.

அந்தத் தேதியில்தான் அவள் நர்சிங் சேர்ந்தாள், வேலைக்கு வந்தாள், ஒவ்வொரு ஜூன் பத்தாம் தேதியும் வார்டில் கேக் வெட்டினாள்.

மருத்துவமனையில் ஓய்வு வயது அறுபது. ஸ்கேலுக்கு அவன் அலுவலகத்தில் ஐம்பத்தெட்டிலேயே ஓய்வு. போன ஜூனில் வீட்டுக்கு வந்தவன், கை சும்மா இருக்காமல் குடும்ப மரத்தில் இறங்கினான். நானூற்றுப் பன்னிரண்டு பேர். அதை இணையத்தில் ஏற்றினான். அம்மாவின் தம்பி பதினேழு வயதில் கோபித்துக்கொண்டு வீட்டை விட்டுப் போனவர். செப்டம்பரில் அவருடைய மகள், கடல் தாண்டி ஒரு ஊரிலிருந்து எழுதினாள். அவள் பக்கத்தில் மூன்று பேர், நாற்பதைத் தொடுமுன், நின்ற இடத்தில் விழுந்து இறந்திருந்தார்கள். இதயத் தசை தடித்துப்போகும் பரம்பரை நோய். நாற்பத்து நான்கு வயதில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மா சரிந்து விழுந்ததற்கு, முப்பத்தைந்து வருடம் கழித்து ஒரு பெயர் கிடைத்தது.

ஸ்கேன் எடுத்தார்கள். ஸ்கேலுக்கு ஒன்றுமில்லை. தலைமை நர்சுக்கு லேசாக இருந்தது, மாத்திரை போதும் என்றார்கள். அவள் மகளுக்குத்தான் அதிகம். டிசம்பரில் அந்தப் பெண்ணின் காறை எலும்புக்குக் கீழே, இதயம் தடுமாறினால் மின்னதிர்ச்சி கொடுத்து மீட்கும் ஒரு சின்னக் கருவியைப் பொருத்தினார்கள். ஜனவரியில் ஒருமுறை அது தன் வேலையைச் செய்தது. அன்றைக்கு அது இல்லையென்றால் இந்தக் கதையில் அவள் இல்லை.

ஸ்கேன் எடுக்காமல் மிச்சம் இருப்பவன் கடைக்குட்டித் தம்பி. சின்னவன். தொலைதூரப் பேருந்து ஓட்டுகிறவன். பத்து நாளைக்கு முன்பு, "இந்த மாசக் கடைசிக்குள்ள நீ எடுக்கல, நானே உன் டெப்போவுக்கு எழுதிடுவேன்" என்று அக்கா எல்லோர் முன்னிலையிலும் சொல்லியிருந்தாள். அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனான்.

*

சீருடையோடு, தலையில் குல்லாவைக்கூட எடுக்காமல், அவள் ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருந்த ஸ்கேல் வீட்டுப் படிகளில் ஏறினாள். நண்பகல். கீழே இயந்திரம் தாள்களைத் துப்பிக்கொண்டிருந்தது. கதவு திறந்தே இருந்தது.

கூடத்தின் நீளச் சுவர் முழுக்கக் குடும்ப மரம். மூன்று மீட்டர். கறுப்பு மையில் நேர்கோடுகள். உறுதியாகாத உறவுகளுக்கு மட்டும் புள்ளிக்கோடு. ஸ்கேல் நாற்காலிமேல் ஏறி நின்று ஒரு மூலையை ஒட்டிக்கொண்டிருந்தான்.

"இறங்கு."

"ஒரு நிமிஷம்க்கா, இந்த ஓரம் தூக்குது..."

"இறங்குடா கீழே!"

இறங்கினான். அவள் மூன்று தாள்களின் நகலையும் வரைமேசைமேல் வீசினாள். அவன் கண்ணாடியை எடுத்து மாட்டி, வரிசையாகப் படித்தான். எதையுமே நுனியிலிருந்து கடைசிவரை படிக்கிறவன். அது அவளை இன்னும் எரித்தது.

"யார் அனுப்பினது?"

"யார் அனுப்பினா என்ன? யார் போட்டது? நீதானே? நாப்பது வருஷம் நைட் டூட்டி பாத்து, கால் நரம்பெல்லாம் முடிச்சுப் போட்டு, இன்னும் இருபது நாள்ல என் வார்டு தொறக்கப் போறாங்க. அதுக்குள்ள என்னை மோசடிக்காரின்னு வெளிய அனுப்பறதுக்கு நீ படம் போட்டுக் குடுத்திருக்க!"

"நான் போட்டது உண்மையான தேதி. அப்பா கைப்பட எழுதினது. ஆதாரத்தோட போட்டேன்."

"உண்மையா? அப்ப நான் எப்ப செத்தேன்? அதுக்கு ஆதாரம் எங்க?"

ஸ்கேல் முதல்முறையாகக் கண்ணைத் தாழ்த்தினான்.

"அது... அந்த சைட்டுல உயிரோட இருக்கறவங்க பேரை மறைச்சிடுது. வெறும் சாம்பல் கட்டமா காட்டுது. அச்செடுத்துப் பாத்தா கீழ்ப் பாதி முழுக்கச் சாம்பல். பேரில்லாத கட்டத்தை நான் என் படத்துல விட்டதே கிடையாதுக்கா. 'மறைந்தவர்'னு ஒரு டிக் போட்டா எல்லாம் தெரிய வருது. அதான்..."

"எத்தனை பேருக்கு டிக் போட்ட?"

"நூத்தி முப்பத்தேழு."

"நூத்தி முப்பத்தேழு பேரையும் ஒரே மத்தியானத்துல கொன்னியா?"

"ரெண்டு மத்தியானம்" என்றான் ஸ்கேல். அவன் கிண்டலாகச் சொல்லவில்லை. கணக்குச் சரியாக இருக்க வேண்டும் என்பதற்காகச் சொன்னான்.

அவள் கையில் அகப்பட்ட செட்ஸ்கொயரை எடுத்துத் தரையில் அடித்தாள். அது உடையாமல் துள்ளிப் போய் அலமாரிக்கு அடியில் விழுந்தது.

"அந்தச் சைட்டுக்காரனுக்கு இருக்கற அறிவு உனக்கு இல்லையா? உயிரோட இருக்கறவங்க விஷயம் ஊரான் கண்ணுல படக்கூடாதுன்னு, முகம் தெரியாத எவனோ நினைச்சு மறைச்சு வெச்சிருக்கான். கூடப் பொறந்தவன் நீ அதைத் தொறந்து விட்டிருக்க! என்னைக் கேட்டியா? ஒரு போன்? 'அக்கா, உன் தேதியைப் போடலாமா'ன்னு ஒரு வார்த்தை?"

"கேட்டா வேணாம்னு சொல்லியிருப்ப."

"ஆமா, சொல்லியிருப்பேன்! அதுக்குத்தானே கேக்கறது!"

ஸ்கேலுக்கும் இப்போது குரல் ஏறியது. "சொல்லியிருப்ப. அப்ப கட்டமெல்லாம் சாம்பலாவே கிடந்திருக்கும். மாமா பொண்ணு அங்க உக்காந்துக்கிட்டு எதைத் தேடினா தெரியுமா? அவங்க அப்பா எப்பவோ சொல்லி வெச்ச நம்ம மூணு பேர் பேரை. உயிரோட இருக்கறவங்க பேரு. நான் அந்த டிக் போடலேன்னா அவ கண்ணுல நாம பட்டிருக்கவே மாட்டோம். ஸ்கேனும் கிடையாது, டாக்டரும் கிடையாது. ஜனவரியில உன் பொண்ணு..."

"சொல்லாத."

"சொல்லுவேன். உன் பொண்ணு இன்னிக்கு உசிரோட நடமாடறதே நான் பண்ணின தப்புலதான்."

"அதையே எத்தனை வருஷம் சொல்லிக் காட்டப்போற? நன்றி இருக்குடா எனக்கு. தினம் ராத்திரி அவ மூச்சு விடறதைப் பாத்துட்டுத்தான் படுக்கறேன். அதுக்காக என்னை எடுத்துத் தெருவுல வெப்பியா? அவளைக் காப்பாத்தினதுக்கு நான்தான் கிடைச்சேனா?"

"நல்லாருக்கு" என்றது வாசலிலிருந்து ஒரு குரல்.

மகள். கண்ணாடிக் கடையில் பார்வை பரிசோதிக்கிறவள். கீழே ஜெராக்ஸ் கடைக்காரர் அடித்த மெசேஜைப் பார்த்து, மதிய இடைவேளையில் ஓடி வந்திருந்தாள். ஓடக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருப்பது மூன்று பேருக்கும் தெரியும்.

"நீ எதுக்குப் படியேறி வந்த?" என்றாள் அம்மா.

"கீழ ஜெராக்ஸ் எடுக்கறவங்கல்லாம் மேல அண்ணாந்து பாத்துக்கிட்டு நிக்கறாங்க. ரெண்டு பேரும் என் நெஞ்சுல இருக்கற பெட்டியைக் காட்டிக் காட்டிச் சண்டை போடறதை நிறுத்துங்க. அது என் பெட்டி." அவள் தாள்களை எடுத்துப் பார்த்தாள். துண்டுச் சீட்டையும் படித்தாள். "எழுதிக் குடுங்க மாமா."

"என்னன்னு? எதுக்கும் ஆதாரம் இல்லைன்னா?" ஸ்கேல் சுவரைக் காட்டினான். "ஒவ்வொரு கோட்டுக்கும் ஆதாரம் வெச்சிருக்கேன்மா. பள்ளிக்கூட ரிஜிஸ்தர், கல்லறைக் கல்லு, அப்பா நோட்டு. ஆதாரம் இல்லாத இடத்துல புள்ளிதான் போட்டிருக்கேன். தப்புன்னா டிக் தப்பு. அதை எழுதித் தர்றேன். தேதி சரி. தேதியைத் தப்புன்னு எழுத மாட்டேன்."

"உன் படத்துக்கு இருக்கற மரியாதை எனக்கு இல்ல" என்றாள் அக்கா.

அப்போது மேசைமேல் இருந்த ஸ்கேலின் போன் அடித்தது. சின்னவன். ஸ்கேல் ஸ்பீக்கரில் போட்டான்.

"அண்ணே, காலையில மூணு தடவை கூப்பிட்டிருக்க. டெப்போவுல வண்டி கழுவிட்டிருந்தேன். ஸ்கேன் பத்தித்தானே?"

"அது இல்லடா" என்று ஸ்கேல் புகார் வந்ததைச் சொன்னான். மறுமுனையில் தண்ணீர் அடிக்கும் சத்தம் நின்றது.

"நான் அப்பவே சொன்னேன்ல? அந்த மரத்தை வெட்டிப் போடுன்னு. உனக்குப் பொழுது போகலேன்னா ரெண்டு செடி வெச்சுத் தண்ணி ஊத்தியிருக்கலாம். எல்லாம் தப்புன்னு எழுதிக் குடுத்துட்டு, சைட்டையும் மூடு. அக்காவுக்கும் நிம்மதி, எல்லாருக்கும் நிம்மதி."

"உனக்கு எதுல நிம்மதி?" என்றாள் அக்கா போனை நோக்கிக் குனிந்து. "ஸ்கேன் எடுத்தியா?"

"ஐயோ, பக்கத்துலதான் இருக்கியா? வாரத்துல ஒரு வியாழக்கிழமைதான்க்கா லீவு. அன்னிக்கும் உன் ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கச் சொல்றியா? முப்பது வருஷமா ஒரு கீறல் இல்லாம ஓட்டறேன். எனக்கு ஒண்ணும் இல்ல."

"என் பொண்ணுக்கும் ஒண்ணும் இல்லைன்னுதான் நினைச்சோம்."

"அஞ்சு மணிக்கு டிரிப் இருக்கு. வெக்கறேன்." வைத்துவிட்டான்.

ஸ்கேல் நாற்காலியை மேசைக்கு நேராக இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். ஒரு வெள்ளைத் தாளை எடுத்தான். நான்கு மூலையையும் டேப்பால் ஒட்டினான், வரைபடத்துக்கு ஒட்டுவது போலவே. பிறகு துண்டுச் சீட்டில் இருந்த இரண்டு வாக்கியங்களையும் அச்சு எழுத்துப் போல எழுதினான். 'அனைத்தும் என் தவறு' என்ற இடத்தில் பேனா நின்றது. பிறகு போனது.

எழுதி முடித்தால் கீழே ஸ்கேல் வைத்து ஒரு கோடு போடுவது அவன் பழக்கம். இன்று போடவில்லை. தாளை உரித்து எடுத்து, அக்காவின் முகத்தைப் பார்க்காமல் நீட்டினான்.

"இந்தா. உனக்காக ஒண்ணும் எழுதல. இவளுக்காக எழுதினேன்."

"எனக்காக எழுதுன்னு நானும் கேக்கல" என்று வாங்கிக்கொண்டாள்.

*

மூன்று நாற்பதுக்கு நிர்வாக அதிகாரியின் மேசைமேல் கடிதத்தை வைத்தாள். அவர் படித்துவிட்டு முதல்முறையாக நாற்காலியில் சாய்ந்தார்.

"என்ன எழுத்து சிஸ்டர்! அச்சடிச்ச மாதிரி இருக்கு. போதும், இது போதும். நீங்க இந்த ஃபாரத்துல ஒரு கையெழுத்து. அவ்வளவுதான். மேல போய் உங்க ஆக்சிஜனைப் பாருங்க."

அவள் பேனாவைத் திறந்தாள்.

"ஒரு நகல் இதயப் பிரிவுக்கும் போகும்" என்றார் அவர், கடிதத்தின் ஓரத்தில் குறித்துக்கொண்டே.

"அங்க எதுக்கு?"

"உங்க பொண்ணு கோப்புல குடும்ப வரலாறுன்னு இதே மரத்தைத்தானே வெச்சிருக்காங்க? அதுல இருந்துதான் டாக்டர் உங்க சொந்தக்காரங்களுக்கெல்லாம் ஸ்கேனுக்கு வரச்சொல்லிக் கடிதம் போட்டிருக்காரு. ஒரே ஆஸ்பத்திரியில ஒரு மாடியில இந்த மரம் பொய், இன்னொரு மாடியில உண்மைன்னு வெச்சுக்க முடியாது. நாளைக்கு எவனாவது கேப்பான்."

"அனுப்பினா அவங்க என்ன பண்ணுவாங்க?"

"போட்டவரே தப்புன்னு எழுதிக் குடுத்த மரத்தை வெச்சு, யாரைக் கூப்பிடுவாங்க? நிறுத்திடுவாங்க. உங்க பொண்ணுக்கு வைத்தியம் நிக்காது, அது வேற. மத்தவங்களைக் கூப்பிடறது நிக்கும்."

அந்த டாக்டர் ஒன்பது பேருக்கு எழுதியிருந்தார். மூன்று பேர் வந்து எடுத்துக்கொண்டார்கள். மிச்சம் ஆறு பேர். அதில் இரண்டு பேர் இன்னும் கல்லூரியில் படிக்கிறார்கள். 'அந்த மரமே தப்பாம், போட்டவனே சொல்லிட்டான்' என்று அந்த வீடுகளில் எப்படிப் பேசிக்கொள்வார்கள் என்பது அவளுக்கு வார்த்தை வார்த்தையாகக் கேட்டது. எந்தக் குரல் அதைச் சந்தோஷமாகச் சொல்லும் என்பதும்.

அன்று அம்மா துணிக்கொடியைப் பிடித்தபடியே சரிந்தாள். கொடி அறுந்து, ஈரத் துணியெல்லாம் அவள்மேல் கிடந்தது. 'மயக்கம்தான், மயக்கம்தான்' என்று சொல்லிக்கொண்டே தண்ணீர் தெளித்தார்கள். தலைமை நர்ஸ்தான் முதலில் நாடி பார்த்தாள். அப்போது அவள் வேலைக்கு வந்து நாலு வருடம்.

கடிதத்தின் மேல் அதிகாரியின் கை இருந்தது. அவள் அதன் ஒரு ஓரத்தைப் பிடித்து இழுத்தாள்.

"சிஸ்டர்?"

"இதுக்கு இன்னும் முத்திரை விழலல்ல?"

"இல்ல. ஆனா..."

அவள் கடிதத்தை நான்காக மடித்துச் சீருடைப் பையில் போட்டுக்கொண்டாள். ஃபாரத்தில், கையெழுத்துக்கு மேலே இருந்த காலி இடத்தில், எழுத ஆரம்பித்தாள். அதிகாரி எழுந்தே விட்டார்.

"கோபத்துல எதையாவது எழுதிடாதீங்க சிஸ்டர். நாளைக்குக்கூட எழுதலாம். நான் பாத்துக்கறேன்."

"கோபத்துலதான் சார் எழுதறேன். கோபம் இறங்கிடுச்சுன்னா எழுத மாட்டேன்."

அவள் எழுதியது: 'பதிவேட்டில் உள்ள தேதி தவறு. நான் பிறந்தது 4-11-1963. இது எனக்குச் சிறுவயது முதலே தெரியும். இணையத்தில் உள்ள மரத்தில் என் பிறந்த தேதி சரி. நான் இறந்துவிட்டதாக உள்ளது மட்டும் தவறு.'

அதிகாரி அதை இரண்டு தடவை படித்தார். பிறகு, "அந்தக் கடைசி வரி வேணுமா?" என்று கேட்டார்.

"அதுதான் சார் முக்கியம்."

*

அதே நேரம் ஸ்கேல் கணினி முன் உட்கார்ந்து ஒவ்வொரு கட்டமாகத் திறந்து, 'மறைந்தவர்' என்ற டிக்கை எடுத்துக்கொண்டிருந்தான். மகள் வேலைக்குத் திரும்பவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பெயர்களைப் படித்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். அறுபத்தோராவது ஆளை உயிர்ப்பித்தபோது அவள் நிறுத்தினாள்.

"மாமா, மரத்தைத்தான் யார் வேணா பாக்கலாம். தாத்தா நோட்டுப் பக்கத்தை எப்படி எடுத்தாங்க? அதையும் எல்லாருக்கும் தொறந்து வெச்சிருந்தீங்களா?"

ஸ்கேலின் கை நின்றது.

"இல்ல. ஆதாரமெல்லாம் பூட்டிதான் வெச்சேன். நம்ம வீட்டாளுங்க நாலு பேருக்குத்தான் குடுத்தேன். உங்கம்மா, நீ, மாமா பொண்ணு, அப்புறம்..."

"யார் எடுத்தாங்கன்னு அதுல காட்டுமா?"

காட்டும். இரண்டு இடத்தில் அழுத்தினால் ஒரு பட்டியல் வரும். ஸ்கேல் இதுவரை அதைத் திறந்து பார்த்ததில்லை. பார்க்க வேண்டும் என்று தோன்றியதும் இல்லை.

மார்ச் 7, வியாழக்கிழமை, பகல் 1.12. ஒரு கோப்பு எடுக்கப்பட்டிருந்தது. எடுத்தவர் பெயருக்கு எதிரில் ஒரு பேருந்துப் படம். இந்தக் கணக்கை ஸ்கேலே தம்பிக்குத் தொடங்கிக் கொடுத்தபோது, விளையாட்டாக வைத்த படம்.

*

ஐந்து மணிக்குச் சற்று முன்பு தலைமை நர்ஸ் இரண்டாவது மாடியில் மருந்து அலமாரிச் சாவிகளை அடுத்த நர்சிடம் எண்ணிக் கொடுத்தாள். பதினான்கு சாவிகள். "ஒம்போதாவது பாயின்ட்ல இன்னும் கசியுது. அவன் சரியாயிடுச்சும்பான். நம்பாத. சோப்புத் தண்ணி வெச்சு நீயே பாரு" என்றாள். அந்தப் பெண் அழத் தொடங்கியதும், "அழுதுக்கிட்டே எண்ணாத, தப்பா எண்ணுவ" என்று அதட்டினாள்.

படியிறங்கியபோது கீழ்த் தாழ்வாரத்தில் மகள் நின்றிருந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"ஓடி வந்தியா?"

"ஆட்டோலதான் வந்தேன். அம்மா, கடிதத்தைக் குடுத்துட்டியா?"

"இல்ல." பையைத் தட்டிக் காட்டினாள். "உங்க மாமாகிட்டத் திருப்பிக் குடுக்கணும். கோபம் ஆறலன்னு சொல்லு. நானா கூப்பிடறவரைக்கும் அவன் என்னைக் கூப்பிட வேணாம்."

"அம்மா, யார் அனுப்பினதுன்னு தெரிஞ்சிடுச்சு."

சொன்னாள். அவள் சத்தம் போடுவாள் என்று மகள் எதிர்பார்த்தாள். அம்மா தாழ்வாரத்தின் சுவர்க் கடிகாரத்தை மட்டும் நிமிர்ந்து பார்த்தாள்.

"அவனுக்குப் போன் போடு."

"போட்டேன். அணைச்சு வெச்சிருக்காரு."

"டெப்போவுக்குப் போடு."

மகள் போட்டாள். மறுமுனையில் எடுத்தவர் ஒருமுறை சரிபார்த்துவிட்டுச் சொன்னார்.

அன்று மாலை வந்த உத்தரவின்படி, தலைமை நர்ஸ் விசாரணை முடியும்வரை பணியிலிருந்து விடுவிக்கப்பட்டாள். ஸ்கேல் ஆறு மணிக்குள் நூற்று முப்பத்தாறு பேருக்கு டிக்கை எடுத்திருந்தான். சின்னவனின் கட்டம் மட்டும் மிச்சம் இருந்தது. அதைத் திறந்தபடியே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

ஐந்து மணிப் பேருந்து சரியான நேரத்துக்குப் புறப்பட்டது. ஐம்பத்திரண்டு இருக்கைகளும் நிரம்பியிருந்தன. வழியில் மாற்று ஓட்டுநர் கிடையாது.